மூன்றாவது ஊக்கு

இரண்டுதான் இருக்கிறது. இடது தோளில் ஒன்று, வலது தோளில் ஒன்று. நெஞ்சுக்கு நேரே துப்பட்டாவின் மடிப்புகள் வந்து சேர்கிற இடத்தில் குத்தியிருந்த மூன்றாவது ஊக்கைக் காணோம். சாம்பார் வாளி என் இலைக்கு வந்துவிட்டது, பரிமாறுகிற அண்ணாச்சி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் சோற்றில் குழி பறிக்காமல் துப்பட்டாவைத் தடவிக்கொண்டிருக்கிறேன். "பிள்ள, சாம்பார் வேணுமா வேண்டாமா, சொல்லு, பின்னால முப்பது பேரு இருக்காவ." ஊற்றுங்க என்கிறேன். குழி இல்லாததால் சாம்பார் இலை முழுக்க ஓடுகிறது. துணியில் இரண்டு சின்ன ஓட்டைகள் விரல்நுனிக்குத் தெரிகின்றன. காலையில் கண்ணாடி முன்னால் நின்று மூன்று குத்தினேன். மூன்று என்பது நிச்சயம், ஏனென்றால் அட்டையில் மிச்சம் இருந்ததே மூன்றுதான், சித்தி ஒன்று கேட்டதற்குக்கூட இல்லை என்று சொல்லிவிட்டேன். எங்கே விழுந்தது. பஸ்ஸில். பஸ்ஸில்தான் விழுந்திருக்கும். பஸ்ஸில் விழுந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில், ராக்கெட் படுத்திருக்கிற கூடத்தில், தடுப்புக் கம்பிமேல் சாய்ந்து அதன் திறந்த வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேனே, அங்கே விழுந்திருந்தால்? இல்லை, பஸ்ஸில்தான்.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை நசுக்கிப் பிசைகிறாள். கற்பகக்கனி, அம்மாவின் தங்கை, எங்கள் ஊர் வார்டு மெம்பர். இந்தப் பயணமே அவள் போட்ட சண்டையில் கிடைத்தது. தேரிக்குள் வேலி போட்டு இரண்டு வருஷமாக ராக்கெட் தளம் கட்டுகிறீர்களே, சுற்றி இருக்கிற ஊர்க்காரன் ஒருத்தன் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாதா, எங்க தலைக்கு மேலதான விடப்போறிய என்று கூட்டத்தில் கத்தினாள். தலைக்கு மேலே இல்லை, கடலுக்கு மேலே, இங்கிருந்து நேராகத் தெற்கே விட்டால் ஓர் ஊரின் கூரையும் கீழே வராது, அதற்காகத்தான் இந்த இடத்தையே பிடித்தோம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம். சொன்னதோடு நிற்காமல் வந்து பாருங்கள் என்று பஸ்ஸும் அனுப்பிவிட்டார்கள். முப்பத்து நாலு பேர் வந்திருக்கிறோம். வெளியூர்க்காரர்கள் தேரியைப் பாலைவனம் என்பார்கள், இறங்கி நின்று போட்டோ எடுப்பார்கள். எனக்குத் தேரி என்றால் செருப்புக்குள் புகுந்து சுடுகிற சிவப்பு மணல், ஆடிக் காற்றில் ரோட்டை மூடிவிட்டு மறுநாள் வேறு இடத்தில் போய் மேடாக உட்காருகிற மணல், சோற்றில், தலையணையில், பல்லுக்கு இடையில் நறநறக்கிற மணல். அதற்கு நடுவே அந்தக் கூடம் வெள்ளையாகத் தெரிந்தபோது பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கம் எழுந்துவிட்டார்கள். சித்திகூட. உள்ளே போக இரண்டு கதவுகள், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அந்த அறையில் நாலு பக்கமும் காற்று சீறி அடித்து எங்கள்மேல் இருந்த மணலை உதிர்த்தது. பதினேழு வருஷமாக என்னோடு ஒட்டிக்கொண்டிருந்த மணல். மணல் நுழையாத ஓர் இடத்தை எங்கள் ஊரில் கட்ட முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கட்டிவிட்டார்கள். தரையில் என் முகம் தெரிந்தது.

அந்தத் தரையில் ஊக்கு விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். கேட்டிருக்குமா? எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொடுத்த மேலங்கி வேறு போட்டிருந்தேன், நீலமாக, முழங்கால் வரைக்கும், கழுத்தில் இறுக்கமாக. அதைக் கழற்றும்போது துப்பட்டா மாட்டிக்கொண்டது, இழுத்தேன். அப்போது போயிருக்கலாம். அப்படியானால் ஊக்கு மேலங்கிக்குள் இருக்கும், அழுக்குக்கூடையில் இருக்கும், துவைக்கிறவர் கையில் குத்தும், அவ்வளவுதான். இல்லை, அதற்கு முன்னாலேயே ஒரு தடவை இழுத்தேன். கம்பியில் சாய்ந்தபோது மேலங்கியின் மேல்பட்டனைக் கழற்றினேன், வேர்த்தது என்று. உள்ளே குளிராகத்தான் இருந்தது, எனக்குத்தான் வேர்த்தது. போவதற்கு முன்னால் ஷமீமா மேடம் தட்டை நீட்டினார். காயல்பட்டினத்துக்காரர், இன்ஜினியர், இருபத்தாறு வயசுக்கு மேல் இருக்காது. "கையில, பையில இருக்கிற எல்லாத்தையும் இதுல வைங்க. ஒண்ணொண்ணா எழுதிக்குவோம், ஊருக்குத் திரும்பும்போது எண்ணித் தருவோம்." போன், சாவி, சீப்பு, வெற்றிலைப் பெட்டி, பாதி தின்ற கடலைமிட்டாய் எல்லாம் தட்டுக்குப் போயின. வளையலையும் தாலியையும் வெள்ளை டேப் போட்டு ஒட்டினார்கள். சித்தி தாலிக்கொடியில் நாலு ஊக்கு தொங்கும், அதுவும் சேர்ந்து டேப்புக்குள் போய்விட்டது. "கட்டுன மனுசன்கூட இத இம்புட்டுப் பத்திரமாப் பாத்ததில்லட்டி" என்றாள், பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள், மேடமும் சிரித்தார். ஊக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமல் நாங்களும் சொல்லவில்லை. ஊக்கு ஒரு பொருளா என்ன? கையில் இருந்தால் பொருள். குத்திவிட்டால் அது துணி. சட்டைப் பட்டனை யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

ரசம் வருகிறது. சாம்பார்ச் சோறே இன்னும் முடியவில்லை. "ஏட்டி பிரம்மு, மேலுக்குச் சரியில்லையா, சோத்தப் பாத்துக்கிட்டே இருக்க?" சித்தி. என் பெயர் பிரம்மசக்தி, எல்லாருக்கும் பிரம்மு. ஒன்றும் இல்லை சித்தி என்கிறேன். ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, நானே சொல்கிறேன். கூடத்துச் சுவரில் ஒரு பலகை இருந்தது, கதவு அகலத்துக்கு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தைக் கறுப்பாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ஸ்பேனர் இருந்தால் கறுப்பு மறையும், எடுத்தால் கறுப்பு தெரியும், எடுத்தவர் தன் பெயர்வில்லையை அங்கே மாட்ட வேண்டும். சாயங்காலம் ஒரு கறுப்பு மிச்சம் இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. போன மாசம் ஒருவர் டார்ச்சின் மூடியைத் தொலைத்துவிட்டாராம், பட்டாணி அளவு ரப்பர். அவரே போய்ச் சொன்னாராம். இரண்டு நாள் வேலையை நிறுத்தித் தேடினார்களாம், கடைசியில் அவருடைய சாக்ஸுக்குள் இருந்ததாம். "திட்டுனீங்களா மேடம்?" என்று யாரோ கேட்டார்கள். "கைதட்டுனோம். அவர் சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே." சித்தி என் காதில், "கைதட்டிட்டு வேலைய விட்டுத் தூக்கியிருப்பான், அதச் சொல்லுதாளா பாரு" என்றாள். நான் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தீப்பெட்டி ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது. இங்கே எல்லாவற்றுக்கும் ஓர் இடம், இல்லாததற்கும் ஓர் இடம். இப்படியும் மனுசர்கள் வேலை செய்கிறார்களா என்று இருந்தது. பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அழுகைகூட வந்தது, ஸ்பேனரைப் பார்த்து யாராவது அழுவார்களா.

அப்புறம் ராக்கெட். நான் நிற்கிற ராக்கெட்டைத்தான் படத்தில் பார்த்திருக்கிறேன். இது படுத்திருந்தது, சக்கரம் வைத்த தொட்டில்மேல், பதினெட்டு மீட்டர். கறுப்பு. பெயின்ட் அடித்த கறுப்பு இல்லை, நூலை நெய்து பசை போட்டு இறுக்கினால் வருகிற கறுப்பாம், கிட்டப் போய்ப் பார்த்தால் நெசவு தெரிந்தது. அது எதைப் போல இருந்தது என்று பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள், பனைமரம் என்றார்கள், திமிங்கலம் என்றார்கள். எதைப் போலவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. நான் பார்த்த எல்லாமே ஏற்கெனவே பார்த்த எதையோ போலத்தான் இருக்கும், இது மட்டும் இதைப் போலவே இருந்தது. அடிப்பக்கத்தில் ஒரு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள், உள்ளே விரல் தடிமனில் குழாய்கள், ஒன்றின்மேல் ஒன்று உரசாமல், ஒவ்வொன்றும் வளையவேண்டிய இடத்தில் மட்டும் வளைந்து. "நல்லாப் பாத்துக்கங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த மூடியப் போட்டுருவோம். இருபத்து நாலு ஸ்க்ரூ, ஒவ்வொண்ணையும் ஒருத்தர் முடுக்குவார், இன்னொருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதுக்கப்புறம் மேல போயி எரிஞ்சு விழுற வரைக்கும் இதத் திறக்க மாட்டோம். நீங்கதான் கடைசியா உள்ள பாக்குறவங்க." கடைசியாகப் பார்க்கிற ஆள் நான். சாய்ந்தேன். இரும்புக் கம்பி நெஞ்சில் அழுந்தியது. அங்கேதான் ஊக்கு இருந்தது. அழுந்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கம்பியின் குளிர் மட்டும் இல்லை, ஊக்கின் முனை நெருடியது, அதாவது அப்போது இருந்தது, அதாவது பஸ்ஸில் விழவில்லை. பஸ் இல்லை. பஸ் போய்விட்டது.

மூடி. சாப்பாட்டுக்கு அப்புறம். கூடத்துக்காரர்கள் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுப் போய்விட்டார்கள். ஸ்க்ரூவை எடுத்திருப்பார்களா? முன்னால் மேசையில் என் விண்ணப்பப் பாரம் நாலாக மடித்து, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சுற்று ஊர்களிலிருந்து எட்டுப் பேரைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். கூடத்தில் வேலை. படிப்பு முக்கியம் இல்லை, கவனம் முக்கியம் என்று மேடம் சொன்னதும் முதலில் பேனா கேட்டது நான்தான். வாசல் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும், போடவில்லை, படிப்பு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பதினொன்றாம் வகுப்பு, பாதியில் நின்றேன் என்று எழுதினேன், காரணம் என்று இன்னொரு கோடு. காரணம் ஊசல். ஒரு நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து, பூமி இழுக்கிற வேகத்தைக் கண்டுபிடிக்கிற சோதனை. ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். எல்லாருக்கும் ஒன்பது புள்ளி எட்டுதான் வந்தது, ஏனென்றால் போன வருஷ நோட்டைப் பார்த்துப் பின்னாலிருந்து எழுதினார்கள். எனக்குப் பத்து புள்ளி எட்டு. "உன்ன மட்டும் பூமி தனியா இழுக்குதோ?" என்றார் சார், வகுப்பு சிரித்தது. மாத்தி எழுது என்றார். நான் பாத்தது இதுதான் சார் என்றேன். மாத்தாட்டி மார்க் இல்லை என்றார், வேண்டாம் என்றேன், வெளியே போ என்றார், போனேன். ஒரேயடியாகப் போனேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், நான் பொய் எழுத மாட்டேன் என்று. சொல்லாத ஒன்று இருக்கிறது. பிறகு வீட்டில் சணலில் கல்லைக் கட்டி ஆட்டிப் பார்த்தேன். குண்டை விடும்போதே ஒன்று என்று எண்ணத் தொடங்கியிருக்கிறேன். பூஜ்யம் என்றல்லவா தொடங்க வேண்டும். பத்தொன்பது ஆட்டத்தை இருபது என்று எழுதியிருக்கிறேன். தப்பு என்னுடையது. போய்ச் சொல்லியிருக்கலாம், சார் நானும் தப்பு, நீங்களும் தப்பு என்று. சொல்லவில்லை. பள்ளிக்கூடம் பொய் என்று சொல்லிக்கொண்டு திரிவது வசதியாக இருந்தது. பாரத்தில் காரணம் என்ற கோடு காலியாக இருக்கிறது.

பாயசம். சித்தியின் காதுப் பக்கம் குனிகிறேன். "சித்தி, என் ஊக்கு ஒண்ணக் காணோம். ராக்கெட்டுக்குள்ள விழுந்திருக்கும்னு நினைக்கேன்." அவள் பாயசத்தை இலையிலிருந்து வழிக்கிற கை நிற்கிறது. "கண்டியா?" "காணல." "காணாத ஒண்ண எதுக்குட்டி கண்டமாதிரிச் சொல்லுத? ஒம் பாரத்தப் போட்டியா?" "இல்ல." "மொதல்ல அதப் போடு. வாய மூடிட்டுப் பாயசத்தக் குடி. நம்ம ஊர்க்காரி வந்தா, ஊக்கப் போட்டா, ராக்கெட்டு கெட்டுதுன்னு ஆயிறும். இன்னைக்குத்தான் மொத நாளு உள்ள விட்டிருக்காவ, தெரியும்ல?" அவள் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம். வாயை மூடினால் பாரம் போகும், எட்டில் ஒன்றாக நான் வரலாம், அந்தப் பலகையில் என் பெயர்வில்லை தொங்கலாம். திறந்தால் எட்டும் வேண்டாம், இனி எங்கள் ஊர்க்காரர்களே வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு விரல்நீளக் கம்பி. அது என்ன செய்துவிடும்? ராக்கெட் நிமிர்ந்தால் அது உருளும். குழாய்களுக்கு நடுவே எங்கேயோ ஒரு வயரில் போய் நிற்கும், நிற்காமலும் போகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒன்றும் ஆகாது என்று வைத்துக்கொண்டாலும் அந்த இருபத்து நாலு கையெழுத்து? ஒருவர் முடுக்கி ஒருவர் சரிபார்த்து, எல்லாம் எண்ணியாகிவிட்டது என்று போடுகிற கையெழுத்து. நான் வாயை மூடினால் இருபத்து நாலும் பொய். அவர்களுக்கே தெரியாமல் பொய். டார்ச் மூடிக்கு இரண்டு நாள் தேடியவர்களை நான் பாயசம் குடித்துக்கொண்டே பொய்யராக்கிவிடுவேன். பயம் வயிற்றில் இல்லை, காதில் இருக்கிறது, கூடத்தில் முடுக்குகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிற மாதிரி இருக்கிறது. கேட்க வழியே இல்லை. கேட்கிறது. அண்ணாச்சி மோர் ஜக்கோடு வந்துவிட்டார். "மோரு, பிள்ள?" எழுந்துவிடுகிறேன். மோர் என் காலில் சிந்துகிறது. இலையை மூடவில்லை, கை கழுவவில்லை. வாசலில் நிற்கிற ஷமீமா மேடத்திடம் போய், "மேடம், என் ஊக்கு ஒண்ணு உள்ள விழுந்திருச்சு, மூடியப் போடாதீங்க" என்கிறேன். கத்தியிருப்பேன் போல, பந்தி முழுக்கத் திரும்புகிறது.

அவர் முகம் மாறவில்லை. வாக்கிடாக்கியை எடுத்து, "கூடம், கைய எடுத்துருங்க. எதையும் அசைக்க வேண்டாம்" என்கிறார், அவ்வளவுதான். அங்கிருந்து, ஏழு ஸ்க்ரூ போட்டாச்சு மேடம் என்று குரல் வருகிறது. ஏழு. மேடம் பந்தியைப் பார்த்து, "அம்மா எல்லாரும் உங்க ஊக்க எண்ணிப் பாருங்க, எத்தன போட்டுட்டு வந்தீங்க, இப்ப எத்தன இருக்கு" என்கிறார். அப்போதுதான் பெரிய கூத்து. இப்போது எத்தனை என்பது எல்லாருக்கும் தெரிகிறது. வரும்போது எத்தனை என்பது ஒருத்திக்கும் தெரியவில்லை. "அஞ்சா ஆறா?" "முந்தானைக்கு ரெண்டு, கொசுவத்துக்கு ஒண்ணு, ஏ, அதுக்குப் போட்டேனா?" "ஊக்க எண்ணிக்கிட்டா பொம்பள சேல கட்டுவா?" எண்ணிக்கை சொல்ல முடிந்தவள் நான் ஒருத்திதான், அட்டையில் மூன்றே இருந்த புண்ணியத்தால். சரி, எல்லாருடையதும் விழுந்திருக்கலாம் என்று வைத்துத்தான் தேடுவோம் என்கிறார் மேடம். ஏவுதளத்தைப் பார்க்கப் போவது ரத்து. அதைப் பார்க்கத்தான் முக்கால்வாசிப் பேர் வந்ததே. முப்பத்திரண்டு பேர் என்னைப் பார்க்கிறார்கள். சித்தி பார்க்கவில்லை, அது அதைவிட மோசம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று நான் பார்க்கிறேன். நீல அங்கி போட்டவர்கள் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, குனிந்து, அடிமேல் அடி வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். ஒருவர்கூடத் தலையை நிமிர்த்தவில்லை, ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. சாமி கும்பிடும்போதுகூட எங்கள் ஊரில் இவ்வளவு பேர் ஒன்றாகக் குனிந்து நான் பார்த்ததில்லை. மரியசூசை என்கிற ஒருவர் மல்லாந்து படுத்து, போட்ட ஏழு ஸ்க்ரூவையும் கழற்றி எண்ணி வைத்துவிட்டு, பல் டாக்டர் வைத்திருப்பாரே அதைப் போலக் குச்சியில் கட்டின கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கிறார். ரொம்ப நேரம். அவருடைய இடது கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கால் நிற்கிறது. இடுக்கி கேட்டுக் கையை நீட்டுகிறார். வெளியே எடுத்து உயர்த்திக் காட்டுகிறார். இரண்டு குழாய்களுக்கு நடுவே, வாய் திறந்தபடி இருந்ததாம். வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது ஒன்றுதான். பன்னிரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். சத்தம் வரவில்லை, கைகள் மட்டும் தெரிகின்றன. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, நானும் தட்டுகிறேன்.

இப்போது நோட்டு, உள்ளே நடக்கிற தவறுகளை எழுதிவைக்கிற நோட்டு. சாப்பாட்டு அறை காலி, இலைகளை எடுத்துவிட்டார்கள், பரிமாறின அண்ணாச்சி வாளிகளை அடுக்குகிறார், வெளியே பஸ்ஸில் எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. மேடம் முதலில் தன் பெயரை எழுதுகிறார். வந்தவர்களிடம் ஊக்கு பற்றிக் கேட்கவில்லை என்று எழுதுகிறார். "என் முக்காட்டு ஊக்கு ரெண்டையும் தினமும் எழுதிட்டுத்தான் உள்ள போறேன். உங்ககிட்டக் கேக்கத் தோணல பாரு." பிறகு நோட்டை என் பக்கம் திருப்புகிறார். இத எட்டுப் பேரத் தேர்ந்தெடுக்கிறவங்களும் படிப்பாங்க, அது என் கையில இல்ல, முதல்லயே சொல்லிடுறேன் என்கிறார். என்ன விழுந்தது, எங்கே விழுந்தது, யாருடையது. எழுதிவிட்டேன். எப்போது தெரிந்தது, எப்போது சொன்னாய். பேனா நிற்கிறது. போன் தட்டில் இருந்தது, மணி தெரியாது. தெரிந்தவுடனே சொன்னேன் என்று எழுதிவிடலாம். யாருக்குத் தெரியும்? சித்தி சொல்ல மாட்டாள். அதுதான் இப்போது எல்லாருக்கும் தெரிந்த கதையும்கூட, பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்து ஓடிவந்து சொன்னாள், கைதட்டினார்கள். "சாம்பார் வரும்போது தெரியும் மேடம். மோர் வரும்போதுதான் சொன்னேன்." அவர் என்னைப் பார்க்கிறார். அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்து, "சாம்பாருக்கும் மோருக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும் அண்ணாச்சி?" என்கிறார். "முப்பத்து நாலு பேருக்கா? இருவது நிமிசம். ரெண்டாந் தடவ ரசம் கேட்டாவ, இருவத்திரண்டுன்னு வையுங்க." இருபத்திரண்டு என்று எழுதுகிறேன். "இருவத்திரண்டு நிமிஷத்துல ஏழு ஸ்க்ரூ போட்டாச்சு. ஏன் சொல்லல?" "பயம்." "எழுது." எழுதுகிறேன். அவர் நோட்டை எடுக்கவில்லை. "ராக்கெட்டுக்காகப் பயந்தியா, உனக்காகப் பயந்தியா? வெறும் பயம்னு எழுதுனா படிக்கிறவங்க ராக்கெட்டுக்காகன்னு நினைச்சுக்குவாங்க." வெளியே டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடிக்கிறார், விடவே இல்லை. எழுதின சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. எனக்காக என்று அதில் நுணுக்கி எழுதுகிறேன், கையெழுத்துப் போடுகிறேன், மடித்த பாரத்தைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன். படிக்கட்டும்.